மாடசாமியை நான் கீறவில்லை

முன்னுரை கேட்டார்கள். "ரெண்டு பக்கம் போதும் அக்கா, சந்தோசமான நினைவுகளாய் எழுதித் தாங்கோ" என்றாள் தர்சிகா. நான் ஓய்வு பெற்று வந்த கந்தோரில் இப்போது என் கதிரையில் இருக்கிற பிள்ளை அவள். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவள். அதனால்தான் அன்று தொலைபேசியில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லாமல் வைத்தேன். இப்போது சொல்லப் போகிறேன். சந்தோசம் எதிர்பார்ப்பவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகலாம்.

விஷயம் இதுதான். நான் கீறிய பகிடிப் படங்களையெல்லாம் திரட்டிப் புத்தகமாகப் போடப் போகிறார்கள். கூடவே புதுப் படங்களும் வருமாம். புதுப் படம் கீற இப்போது ஆள் தேவையில்லை. பழையவற்றைக் கணினிக்குக் கொடுத்து, இதே மாதிரி ஒன்று வேண்டும் என்றால் கண்ணை மூடித் திறக்கமுதல் தந்துவிடுகிறதாம். மாதிரிக்கு ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். திறந்து பார்த்தேன். ஒரு கிணறு. உள்ளே புகை கக்குகிற, தண்ணீர் இறைக்கிற மெசின். தலையில் துண்டு கட்டிய, கறுத்த, வாயெல்லாம் வெற்றிலைச் சிவப்பாக இருக்கிற ஒரு மனிதன் பல்லை இளித்துக்கொண்டு அந்தக் கிணற்றுக்குள் குதிக்கிறான்.

உடனே எடுத்துக் கேட்டேன். "இந்த ஆளைப் போடச் சொல்லி ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. பழைய படங்களைக் குடுத்தனாங்கள், அது தானாத்தான் போட்டது. ஏன், பகிடியாத்தானே இருக்கு?"

அந்த மனிதனுக்கு ஒரு பெயர் உண்டு. மாடசாமி. அவனை நான் கீறவில்லை. ஆனால் அவனுக்குக் கீழே அச்சடித்த பெயர் என்னுடையது. இத்தனை வருடம் போனபிறகு யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்து நிற்கிறான் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில். அங்கே கலவரத்தில் அடித்து விரட்டியபோது அப்பாவும் அம்மாவும் என்னையும் இழுத்துக்கொண்டு வன்னிக்கு வந்து, அக்கராயனில் மற்றவர்களின் வயலில் கூலிக்கு நின்றார்கள். வீட்டில் 'வாங்க, போங்க' என்போம். பள்ளிக்கூடத்தில் 'வாங்கோ, போங்கோ' என்று முதல் வாரமே பழகிக்கொண்டேன். பழகாவிட்டால் பின்னால் 'தோட்டக்காட்டாள்' என்று கத்துவார்கள். சித்திரம் படித்ததும், சங்கக்கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதியதும், இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் மரத்தின் கீழ் பிள்ளைகளுக்குப் படம் கீறக் காட்டியதும் இங்கே வேண்டாம். அதெல்லாம் எல்லோருக்கும் நடந்த கதைதான்.

போர் முடிந்து மீளக் குடியேறிய காலத்தில்தான் எனக்கு ஒழுங்கான வேலை கிடைத்தது. அப்போது வீட்டுக்கு வீடு ஏதோவொரு புதுச் சாமான் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் மெசின், சோலர் தகடு, கைத்தொலைபேசி, மருந்தடிக்கிற தாங்கி. எல்லாவற்றோடும் ஆங்கிலத்திலும் சீன எழுத்திலும் கையேடு வரும். அதை அடுப்பு மூட்டத்தான் பாவிப்பார்கள். நான் சேர்ந்த அபிவிருத்தித் திட்டத்தின் கிளிநொச்சிக் கந்தோர் மாதம் ஒரு நீளத் தாள் அச்சடித்து, பால் சேர்க்கிற இடம், சங்கக்கடை, மெசின் திருத்துகிற கடை எல்லாவற்றிலும் ஒட்டியது. நாலு கட்டம், நாலு படம், ஒரு பகிடி. மெசின் ஏன் தண்ணீர் இழுக்கவில்லை, மின்னல் நேரம் தொலைபேசியை ஏன் சார்ஜில் போடக்கூடாது, இப்படி. அந்த நாலு கட்டத்தையும் கீறுவது என் வேலை.

எனக்கு மேலே இருந்தவர் தில்லையம்பலம் சேர். தண்ணீர்ப் பொறியியலாளர். எந்த வெயிலிலும் சேட்டின் கையை மணிக்கட்டு வரை பூட்டியிருப்பார். சிரிக்கவே மாட்டார். சிரிக்காத மனிதரிடம் பகிடியைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வதைப்போல வதை உலகத்தில் இல்லை. படத்தை மேசையில் விரித்து, கண்ணாடியைத் துடைத்து, ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துக்கொண்டு போவார். நல்லதென்றால் "ம்" என்பார். மிகவும் நல்லதென்றால் தேத்தண்ணி சொல்வார். கூடாதென்றால் நாலாகக் கிழித்துத் துண்டுகளை ஒழுங்காக அடுக்கி என் கையில் தருவார். கோபமே இருக்காது. அதில்தான் எனக்கு இன்னும் கோபம் வரும்.

நான் கொண்டுபோன முதல் படமே கிழிபட்டது. ஒரு மனிசி சோலர் தகட்டில் மிளகாய் காயப்போட்டுவிட்டு, இரவில் விளக்கு எரியவில்லையென்று மின்குமிழைத் திட்டுகிறாள். நல்ல பகிடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, உந்தத் தகடு ஆரின்ரை பேரில குடுத்தது?" என்று கேட்டார்.

"புருசன்ரை பேரில, சேர்."

"தகடு எப்பிடி வேலை செய்யுமெண்டு ஆருக்கு விளங்கப்படுத்தினவை?"

"புருசனுக்குத்தான்."

"அப்ப ஏன் மனிசி மொக்கு?"

படத்தை நாலாகக் கிழித்தார். துண்டுகளைத் தந்துவிட்டுச் சொன்னார்: "ஆரையும் பார்த்துச் சிரிக்கலாம். ஆனா அந்தச் சிரிப்பைத் தாங்கக்கூடிய ஆளைப் பார்த்துச் சிரிக்கோணும். மெசின் ஆரின்ரையோ, பிழையும் அவரின்ரை. அப்பிடிக் கீறும்."

அப்படித்தான் பேனா மாமா பிறந்தார். வெள்ளைச் சேட்டு, சட்டைப் பையில் மூடி போட்ட பேனா, கையில் பெரிய மணிக்கூடு. எழுதுவதற்கு அவருக்கு ஒன்றுமே இல்லை, ஆனாலும் பேனா இருக்கும். மெசின், தகடு, தொலைபேசி எல்லாம் அவருடையது. எல்லாவற்றிலும் அவர்தான் மாட்டுப்படுவார். கூட ஒரு தவளை. அது கிணற்றுக்கட்டில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும், ஒரு சொல் பேசாது. பேனா மாமாவைப் பார்த்து ஊரெல்லாம் சிரித்தது. பேனா வைத்திருந்தவர்களும் சிரித்தார்கள். "பிள்ளை, என்னைத்தானே கீறினனீர்?" என்று மெசின் வைத்திருந்த கமக்காரர் பலர் பெருமையோடு கேட்டிருக்கிறார்கள்.

சேரின் சோதனை முறையைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் இன்றைக்கு அதை ஒருவரும் செய்வதில்லை. பென்சிலில் கீறிய படத்தில் பேச்சு எழுதிய இடங்களையெல்லாம் வெள்ளைத் தாள் கீலத்தால் மறைத்து ஒட்டுவார். விடிய அக்கராயனில் பால் கொண்டுவருகிற சனம் வரிசையில் நிற்கும். அங்கே போய்ப் படத்தைச் சைக்கிள் காரியரில் விரித்து வைப்போம். "வாயைத் திறவாதையும்" என்பது கட்டளை. எந்தக் கட்டத்தில் சிரிக்கிறார்கள், யார் முதலில் சிரிக்கிறார்கள், யார் சிரிக்காமல் மற்றவரின் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று நான் பார்க்கவேண்டும். பிறகு சேர் கேட்பார்: "இதில ஆர் பிழை விட்டது?" அதற்குப் பிறகு: "இப்ப நீங்கள் வீட்ட போய் என்ன செய்வியள்?" பதில் பிழைத்தால் படம் நாலு துண்டு. படித்தவர், படிக்காதவர் என்று கணக்கில்லை. சிரிக்காமல் முகம் பார்த்தவர்களிடம் தனியாகப் போய்க் கதைப்பார்.

இனி அந்தக் கிணறு.

மழை பொய்த்துப் போன வருடம். கிணறுகளில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. கிணற்றுக்கட்டில் வைத்து இறைக்கிற மெசினுக்கு ஓரளவு ஆழத்துக்குக் கீழே தண்ணீரை இழுக்கச் சக்தியில்லை. அதனால் சனம் மெசினையே கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, குறுக்கே பலகை போட்டு அதில் வைத்து ஓடவிட்டது. வெங்காயமும் மிளகாயும் கருகிக்கொண்டிருக்கும்போது யாரும் செய்வதுதான். ஆனால் எண்ணெய் எரிந்து வருகிற நச்சுப் புகை கிணற்றைவிட்டு வெளியேறாது. மெசின் நின்றுவிட்டதென்று பார்க்க ஒருவர் இறங்குவார். இறங்கியவர் மயங்கி விழுவார். தூக்க இறங்குகிறவரும் விழுவார். இறங்குவது ஒருநாளும் மெசின்காரர் இல்லை. கூலிக்கு நிற்கிறவர்தான். எங்கள் ஆட்கள்தான்.

இந்தப் படத்தை நான் கோபத்தோடுதான் கீறினேன். ஆனால் பகிடி குறையவில்லை. முதல் கட்டத்தில் பேனா மாமாவின் மெசின் வெறும் காற்றை இழுத்து இருமுகிறது. இரண்டாவதில் மெசினைக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள், தவளை ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அதே கயிற்றில் மேலே ஏறி வருகிறது. மூன்றாவதில் உள்ளே ஒரே புகை. பேனா மாமா கைலேஞ்சியால் தன் மூக்கைப் பொத்திக்கொண்டு கூலியாளைப் பார்த்து, "இறங்கி என்னெண்டு பார்" என்கிறார். நாலாவதில் அந்த ஆள் கயிற்று நுனியை மாமாவிடம் நீட்டி, "நீங்கள் முதல் இறங்குங்கோ ஐயா, நான் மேல நிண்டு பாக்கிறன்" என்கிறார். மாமா ஓடுகிறார், பேனா விழுகிறது, தவளை அதைப் பொறுக்குகிறது. கீழே நேரான எழுத்தில்: மெசினைக் கிணற்றுக்குள் ஓட்டாதீர்கள், புகை நின்ற கிணற்றில் இறங்காதீர்கள், விழுந்தவரைத் தூக்க நீங்களும் குதிக்காதீர்கள்.

பால் வரிசையில் வைத்தோம். நாலாவது கட்டத்தில் சிரிப்பு வெடித்தது. கூலிக்கு நிற்கிறவர்கள்தான் முதலில் சிரித்தார்கள், பிறகு மெசின் வைத்திருக்கிற தோட்டக்காரர்களும் கொஞ்சம் நெளிந்து சிரித்தார்கள். "ஆர் பிழை விட்டது?" என்றதற்கு ஒரே குரலில் "பேனா மாமா" என்றார்கள். வரிசையில் நின்ற ஒரு தோட்டக்காரர், "அப்ப மெசினை இண்டைக்கே மேல எடுக்கச் சொல்லுறன்" என்றார். சேர் எனக்குத் தேத்தண்ணியோடு வடையும் வாங்கித் தந்தார். அவர் வடை வாங்கித் தந்தது அந்த ஒருமுறைதான்.

படம் அச்சுக்குக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போனது. அச்சாகித் திரும்பி வந்த கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். அது என் படமில்லை. மூன்றாவது கட்டத்தில் தலையில் துண்டு கட்டிய ஒருவன் சிரித்துக்கொண்டு கிணற்றுக்குள் குதிக்கிறான். நாலாவதில் கால் இரண்டும் மேலே, கண் இரண்டும் மூக்கைப் பார்க்கின்றன, தவளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. மேலே பேனா மாமா விரலை ஆட்டி, "மாடசாமி, சொன்னால் கேட்டால்தானே!" என்கிறார். பெயர்கூட வைத்திருந்தார்கள். எங்கள் லயத்தில் வரிசைக்கு ஒரு மாடசாமி இருந்தார். அந்தத் தலைத்துண்டு என் அப்பா கட்டுகிற துண்டு. கீழ் மூலையில் என் கையெழுத்தை மட்டும் பத்திரமாக வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

தொலைபேசி எடுத்தேன். தலைமை அலுவலகத்தில் இந்த வேலைக்குப் பொறுப்பானவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். "மிஸ், உங்க படத்துல விவசாயிகளைக் கேலி செய்றீங்க. அவங்க சங்கத்துல இருந்து ஏற்கெனவே முறைப்பாடு வந்திருக்கு. ஆபத்துல இருக்கிறது கூலியாட்கள். அவங்களுக்குத்தானே சொல்லணும்? அவங்க மாதிரியே ஒரு ஆளைப் போட்டாத்தான் அவங்களுக்குப் புரியும்."

எனக்குப் புரிந்தது. ரிசீவரைச் சேரிடம் கொடுத்தேன். குரலை உயர்த்தியே அறியாத அந்த மனிதர் அன்று கத்திய கத்தலில் கந்தோர்க் காவலாளி உள்ளே ஓடி வந்துவிட்டார். "ஆரிட்டக் காட்டிச் சோதிச்சனீங்கள்? எந்தக் கிணத்தடியில காட்டினனீங்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் பக்கத்தில், தாள்கள் நேரே கொழும்பிலிருந்தே மற்ற இடங்களுக்கும் பஸ்ஸில் போய்விட்டன என்று மட்டும் சொன்னார்கள்.

அடுத்த நாள் சேர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் ஏறினேன். ஒட்டியதைக் கிழிக்கிற வேலை. அக்கராயன், முள்ளியவளை, வழியில் இருந்த கடை எல்லாம் கிழித்தோம். ஒரு சங்கக்கடையில் மனேஜர் கையை மறித்து, "சேர், சனம் இப்பத்தான் நல்லாச் சிரிக்குது, ஏன் கிழிக்கிறியள்?" என்று கேட்டார். சேர் அதை நாலாகக் கிழித்து, துண்டுகளை அடுக்கி மனேஜரின் கையில் கொடுத்தார். செட்டிகுளத்துக்கு நாங்கள் போக முதல் செய்தி வந்துவிட்டது.

மாரிமுத்து அண்ணன். செட்டிகுளம் பக்கம் ஒரு மிளகாய்த் தோட்டத்தில் வேலை செய்தவர். மெசின் கிணற்றுக்குள் நின்றுபோனது. இறங்கினார். ஏறவில்லை. அவ்வளவுதான் செய்தி.

செத்த வீட்டுக்குப் போனோம். தகரக் கொட்டில், வாசலில் கொஞ்சச் சனம். அவருடைய மனைவி ராஜேஸ்வரி ஒரு சாக்கில் இருந்தார். நான் பக்கத்தில் குந்தினேன். என் வாயில் வீட்டுப் பேச்சுத்தான் வந்தது. "என்னக்கா நடந்துச்சு?" என்று கேட்டேன். எங்கள் பேச்சைக் கேட்டதும் அவர் நிமிர்ந்தார்.

"அவருக்குத் தெரியும்ங்க. பொகை இருக்கு, கொஞ்சம் காத்தாடட்டும், பொறகு எறங்குறேன்னுதான் சொன்னாரு. மெசின் கொட்டில்ல ஒரு படம் ஒட்டியிருந்துச்சு. தோட்டத்து ஐயா அதக் காட்டி, நீ என்ன மாடசாமியோ, அவன்தானே மொக்கன், நீ கெட்டிக்காரன்தானே, இறங்குன்னாரு. அங்க நின்ன ஆளுங்க எல்லாம் சிரிச்சாங்க. சிரிக்கவும் இவரு எறங்கிட்டாருங்க."

சேர், ஒட்டிய தாளைச் சுரண்ட என்று கையில் கொண்டுவந்திருந்த தகட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் படத்துக்கு அடியில ஒரு பேரு இருந்துச்சு. செல்வமணின்னு. அது யாருங்க?"

"நான்தான் அக்கா" என்றேன். "ஆனா அந்தப் படத்த நான் வரையல. நான் வரைஞ்சது வேற. மாத்திட்டாங்க."

ராஜேஸ்வரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது. "படத்த வேற ஆளு வரைஞ்சிருக்கலாம்ங்க" என்றார். "பேரு ஒங்களுதுதானே."

தலைமை அலுவலகம் ஒரு விசாரணை வைத்தது. அறிவுறுத்தல் படம் சம்பவ இடத்திலேயே ஒட்டப்பட்டிருந்தும் தொழிலாளி அதைப் பின்பற்றவில்லை என்று முடித்தார்கள். செத்த பிறகும் மாரிமுத்து அண்ணனை மாடசாமி ஆக்கினார்கள்! கூடாதென்று எழுந்து கத்திய சேரைக் கொழும்புக்கு மாற்றி, ஓய்வு பெறும்வரை ஒரு மூலை மேசையில் இருத்தினார்கள். தோட்டக்காரர் அடுத்த போகமும் மிளகாய் போட்டார்.

சேர் மாறிப்போக முதல் எனக்கு ஒரு வேலை தந்தார். "பிள்ளை, தாளில கீறினாத்தானே மாத்துவாங்கள், சுவரில கீறும்." செட்டிகுளத்தில் மெசின் திருத்துகிற கடைக்காரர் ஒருவர் தன் கடையின் பக்கச் சுவரை விட்டுத் தந்தார். என் பழைய நாலு கட்டத்தையும் பெரிதாகக் கீறினேன். கயிற்றைப் பேனா மாமாவிடம் நீட்டுகிற ஆளுக்கு மாரிமுத்து அண்ணனின் முகத்தை வைக்கட்டுமா என்று ராஜேஸ்வரியிடம் கேட்டேன். ஒரு கிழமை கழித்து, வைங்க என்று சொல்லியனுப்பினார். படம் முடிகிற நேரம் அவரே வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. பிறகு, "துண்டு முடிச்சு அந்தப் பக்கம் இல்லீங்க, இடது பக்கம் வரும்" என்றார். அழித்துத் திருத்தினேன். சுவர் இன்னும் இருக்கிறது. மழையில் தவளை பாதி போய்விட்டது, மற்றதெல்லாம் விளங்கும்.

தர்சிகா, நீ கணினியைக் குறை சொல்கிறாய். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். கொடுத்ததைத்தானே அது தரும்! அத்தனை படத்திலும் பேனா மாமா இருக்க, ஒரேயொரு தாளில் இருந்த மாடசாமியை அது பொறுக்கி எடுத்திருக்கிறதென்றால், வேறு எங்கேயெல்லாம் அவனைப் பார்த்துப் பழகியதோ, அதை யோசி. அவனை அனுப்பிவிட்டுப் பகிடியாத்தானே இருக்கு என்று கேட்டது நீ. அந்தப் படத்தைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், பேச்சை மறைத்து, கூலிக்கு நிற்கிற ஒருவரிடம் காட்டினாயா? காட்டியிருந்தால் அவர் சிரித்திருக்கமாட்டார், மற்றவர்களின் முகத்தைப் பார்த்திருப்பார். தில்லையம்பலம் சேர் இருந்திருந்தால் கணினித் திரையையே நாலாகக் கிழித்து உன் கையில் தந்திருப்பார்.

புத்தகத்தில் மாடசாமி வரக்கூடாது. பழையவனும் கூடாது, புதியவனும் கூடாது. அந்தப் பக்கத்துக்குச் செட்டிகுளத்துச் சுவரைப் படம் எடுத்துப் போடுங்கள், முடிச்சு இடது பக்கம் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். கணினிக்கும் அதைக் காட்டுங்கள். நீங்கள் கேட்ட முன்னுரை இதுதான். இரண்டு பக்கத்தைத் தாண்டிவிட்டது, ஆனாலும் ஒரு சொல் வெட்டக்கூடாது. வெட்டுவதென்றால் அட்டையில் இருக்கிற செல்வமணியை வெட்டிவிட்டுப் பிறகு வெட்டுங்கள். ராஜேஸ்வரி அக்கா இப்போதும் செட்டிகுளத்தில்தான் இருக்கிறார். புத்தகம் வந்ததும் முதல் பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அவர் முதலில் பார்ப்பது படத்தை அல்ல, அதன் அடியில் இருக்கிற பெயரை.